ஆறு பேர் ஆட்டத்தில் யாரைப் பார்ப்பது?

1991 ஏப்ரல் 20. டோக்கியோவில் கொராக்குயென் ஹால். ஒரு பக்கம் ஜம்போ சுருதா, அகிரா தாவுவே, மசனோபு ஃபுச்சி. எதிர்ப்பக்கம் மிட்சுஹாரு மிசாவா, தோஷியாகி கவாதா, கென்டா கோபாஷி. மூணுக்கு மூணு டேக் ஆட்டம். நடந்த நேரம் ஐம்பது நிமிடத்துக்கும் மேல்.

இந்த ஆட்டத்தைப் பற்றி ஜப்பான் ரெஸ்லிங் ரசிகர்கள் சொல்லும் கருத்துகளை ரொம்ப நாளாகக் கவனித்து வருகிறேன். ஒரு கூட்டம், மல்யுத்த மேடையில் இதைவிட நல்ல ஆறு பேர் ஆட்டம் நடந்ததே இல்லை என்கிறது. அமெரிக்காவில் இருந்து ரெஸ்லிங் செய்தி மடல் நடத்தும் டேவ் மெல்ட்சர் இதுக்கு ஐந்து ஸ்டார் கொடுத்தார். இன்னொரு கூட்டம், "சரி, நல்லாத்தான் இருக்கு, ஆனா ஐம்பது நிமிஷமா?" என்கிறது. மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. அவங்க கருத்தே சொல்ல மாட்டாங்க. "இதை மட்டும் தனியா பார்த்துட்டுப் பேசாதே, 1990ல இருந்து வரிசையா பாரு" என்று வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பி விடுவாங்க.

நான் முதலில் இரண்டாவது கூட்டத்தில்தான் இருந்தேன். உண்மையைச் சொன்னால், முதல் தடவை பார்த்தபோது இருபதாவது நிமிடம் வாக்கில் கொட்டாவி வந்துவிட்டது. கோபாஷி கீழே கிடக்கிறார், ஃபுச்சி அவர் காலை முறுக்குகிறார், கைமாற்றுகிறார், அடுத்தவர் வந்து இன்னும் கொஞ்சம் முறுக்குகிறார். இதில் என்ன ஐந்து ஸ்டார் என்று நிறுத்திவிட்டேன். பிறகு அந்த வீட்டுப்பாடத்தைச் செய்து முடித்து மறுபடி பார்த்தபோது வேறு ஏதோ ஆட்டத்தைப் பார்ப்பது போல இருந்தது. ஆட்டம் மாறவில்லை, நான் பார்த்த இடம் மாறியிருந்தது. எந்த இடம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அடிப்படை

ரெஸ்லிங்கே பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. இது முடிவு முன்கூட்டியே பேசி வைக்கப்பட்ட ஆட்டம். யார் ஜெயிப்பது என்பதை கம்பெனி தீர்மானிக்கிறது. அடி நிஜம், விழுவது நிஜம், வலி நிஜம். போட்டி மட்டும்தான் நடிப்பு. "அப்போ எதுக்குப் பார்க்கணும்?" என்று கேட்டால், நாடகத்தை எதுக்குப் பார்க்கிறோமோ அதுக்குத்தான்.

டேக் ஆட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு அணிக்கு ஒருவர்தான் ரிங்குக்குள் இருக்கலாம். மற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே, ரிங்கின் விளிம்பில் நிற்க வேண்டும். கையைத் தட்டி ஆள் மாற்றிக்கொள்ளலாம். எதிராளியின் இரண்டு தோளையும் தரையில் அழுத்தி, நடுவர் மூணு எண்ணினால் ஆட்டம் முடிந்தது. எண்ணும்போது வெளியே நிற்கிற கூட்டாளி பாய்ந்து வந்து தடுக்கலாம். விதிப்படி தப்பு, ஆனால் எல்லோரும் செய்வாங்க. ஜப்பானில் இதை "கட்" என்பார்கள். ஆறு பேர், எட்டு பேர், பத்து பேர் என்று ஆள் கூடக் கூட இந்தக் கட் போடுவதும் கூடும். அதனால் ஒருத்தரைத் தோற்கடிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. அவரைக் காப்பாற்றக் கூடியவர்களை முதலில் அப்புறப்படுத்தியாக வேண்டும்.

இன்னொரு முக்கியமான கணக்கு. ஆறு பேர் ஆட்டத்தில் தோற்பது அணி. ஆனால் தோள் தரையில் படுவது ஒருத்தருக்குத்தான். மிச்ச இருவர் தோற்ற அணியில் இருந்தார்களே தவிர, அவர்களை யாரும் வீழ்த்தவில்லை. கம்பெனி நடத்துபவருக்கு இது பெரிய வசதி. தலைவனை இறக்காமலேயே தலைவனின் அணியைத் தோற்கடிக்கலாம்.

அந்த வசதி ஏன் தேவைப்பட்டது

ஆல் ஜப்பான் ப்ரோ ரெஸ்லிங் என்பது 1972ல் ஜயன்ட் பாபா தொடங்கிய கம்பெனி. 1990 வசந்தத்தில் அதன் இரண்டு பெரிய ஜப்பானிய நட்சத்திரங்களில் ஒருவரான கெனிச்சிரோ தென்ர்யூ விலகி, எஸ்.டபிள்யூ.எஸ். என்ற புதுக் கம்பெனிக்குப் போய்விட்டார். அவரோடு வேறு சிலரும் போனார்கள். மிஞ்சிய பெரிய ஆள் ஜம்போ சுருதா. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மல்யுத்தம் செய்தவர். அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மலை போன்ற உடம்பு. ஆனால் மலையோடு மோத ஆள் இல்லை.

மிசாவா அப்போது டைகர் மாஸ்க் என்ற முகமூடியில் ஆடிக்கொண்டிருந்தார். 1990 மே 14 அன்று, ஒரு டேக் ஆட்டத்தின் நடுவே, கூட்டாளி கவாதாவைக் கொண்டே முகமூடியை அவிழ்க்கச் செய்தார். கவாதா அவருக்குப் பள்ளியில் ஒரு வருஷம் இளையவர். இருவரும் ஒரே பள்ளியின் மல்யுத்த அணி. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 8ல் நிப்பான் புடோகானில் மிசாவா சுருதாவைத் தனி ஆட்டத்தில் வீழ்த்தினார்.

இந்த முடிவைப் பற்றி ரசிகர்களிடையே பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அன்று அரங்குக்கு வந்த கூட்டம் மிசாவா பெயரைக் கத்துவதைக் கேட்ட பிறகுதான் பாபா முடிவை மாற்றினாராம். கதை அப்படியே நடந்ததோ இல்லையோ, ரசிகர்கள் அதை இத்தனை வருஷமாகச் சொல்லி வருவதற்கு ஒரு காரணம் இருக்கு. தங்கள் குரல் அந்த மேடையை அசைத்தது என்று அவர்கள் நம்ப விரும்புகிறார்கள்.

ஆனால் அசைந்தது கொஞ்சம்தான். செப்டம்பர் 1ல் மறுபடி மோதினார்கள், சுருதா ஜெயித்தார். 1991 ஏப்ரல் 18ல், ட்ரிப்பிள் க்ரவுன் பட்டத்துக்காக மூணாவது தடவை. அதிலும் சுருதாதான். பெரிய தனி ஆட்டங்களில் மலை அப்படியே நிற்கிறது. ஏறுகிறவன் தோற்றுக்கொண்டே இருந்தால் ரசிகனின் நம்பிக்கை தேய்ந்துவிடும். ஜெயித்துக்கொண்டே இருந்தால் மலை வெறும் மேடாகிவிடும். இந்தச் சிக்கலுக்குப் பாபா கண்ட வழி ஆறு பேர் ஆட்டம். ஊர் ஊராகப் போய், சுருதா அணியும் மிசாவா அணியும் திரும்பத் திரும்ப மோதிக்கொண்டன. ஒரு தடவை இளையவர்கள் ஜெயிப்பார்கள், பெரும்பாலும் ஃபுச்சி அடி வாங்கிக்கொள்வார். இன்னொரு தடவை பெரியவர்கள் ஜெயிப்பார்கள், கோபாஷியோ சுயோஷி கிகுச்சியோ பலியாவார்கள்.

நான் முதலில் சொன்ன ஏப்ரல் 20 ஆட்டம், மிசாவா பட்டத்துக்கான ஆட்டத்தில் தோற்ற இரண்டாவது நாள். புடோகானில் அத்தனை பேர் முன்னால் வீழ்ந்தவர், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் இரண்டாயிரம் பேர்கூட கொள்ளாத கொராக்குயென் ஹாலில் நண்பர்களோடு வந்து நிற்கிறார். அன்றைக்கு ஜெயித்தது மிசாவா அணி. இது தெரிந்து பார்த்தால் ஐம்பது நிமிடம் ஏன் ஐம்பது நிமிடம் என்பது புரியும். தனியாக முடியாததை மூணு பேராகச் சேர்ந்து, மெதுமெதுவாக, சாப்பாட்டு நேரம் தாண்டியும் விடாமல் செய்து முடிக்கிறார்கள்.

விளிம்பில் நிற்பவர்

சரி, எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன் என்றேன் இல்லையா. ரிங்குக்குள் அடித்துக்கொள்கிற இருவரை விட்டுவிட்டு, கயிற்றுக்கு வெளியே நிற்கிற நாலு பேரைப் பாருங்க.

இந்தத் தொடர் ஆட்டங்களைப் பற்றிப் பேசும் ரசிகர்கள் அடிக்கடி சொல்லும் காட்சி ஒன்று. மிசாவா ரிங்குக்குள் வேறு யாரோடோ ஆடிக்கொண்டிருப்பார். சுருதா சும்மா விளிம்பில் நிற்பார். மிசாவா போகிற போக்கில் ஒரு முழங்கை விடுவார் பாருங்க, சுருதா கீழே விழுந்துவிடுவார். ஆட்டக் கணக்கில் அந்த அடிக்கு மதிப்பே கிடையாது. சுருதா அப்போது ஆட்டத்திலேயே இல்லை. ஆனால் கூட்டம் கூரை பிய்கிற மாதிரி கத்தும். வகுப்பில் வாத்தியார் மேல் சாக்பீஸ் எறிந்தால் மற்ற பையன்கள் எப்படி மூச்சைப் பிடிப்பார்களோ அப்படி ஒரு பதற்றம். அடுத்து சுருதா எழுந்திருக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கணும். வலி இல்லை அது. "இவனுக்கு இவ்வளவு தைரியமா" என்கிற கோபம்.

இப்போ அணிகளைப் பிரித்துப் பாருங்க. சுருதாவுக்கு எதிர் மிசாவா. தாவுவே முன்னாள் சுமோ வீரர். உயரம், கனம், கொஞ்சம் மந்தம். அவருக்கு எதிர் கவாதா. இவர்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கண்டாலே ஆட்டத்தை மறந்து அடித்துக்கொள்வார்கள். ஃபுச்சி அனுபவஸ்தர், பெரிய பலசாலி கிடையாது. ஆனால் எந்த மூட்டில் எந்தப் பக்கம் அழுத்தினால் உயிர் போகும் என்று தெரிந்தவர். அவருக்கு எதிர் கோபாஷி, இருபத்து நாலு வயசு, அதற்கு முன் ஒரு கம்பெனியில் சம்பள வேலை பார்த்துவிட்டு 1988ல் ரிங்குக்கு வந்தவர். ஆக மூணு படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு சண்டை.

நான் கொட்டாவி விட்ட இருபதாவது நிமிடத்துக்கு இப்போ வாங்க. ஃபுச்சி கோபாஷியின் காலை முறுக்குகிறார். நான் அன்றைக்குக் காலைத்தான் பார்த்தேன். கால் முறுக்குவதில் பார்க்க என்ன இருக்கு? இரண்டாவது தடவை கவாதாவைப் பார்த்தேன். அவர் விளிம்பில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், உள்ளே வரத் துடிக்கிறார். அவர் வந்தால் தாவுவே வருவார். தாவுவே வந்தால் நடுவர் அவர்களைப் பிரிக்கப் போவார். அந்த இடைவெளியில் கோபாஷிக்கு இன்னும் அடி விழும். காப்பாற்றப் போனால் ஆபத்து கூடும், போகாவிட்டால் பையன் கால் போய்விடும். மிசாவா அசையாமல் நிற்கிறார். அவர் எப்போதுமே அப்படித்தான், முகத்தில் ஒன்றும் தெரியாது. எதிர் மூலையில் சுருதா அந்த அசையாமையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பத்து நிமிடம் காலைப் பற்றியதே இல்லை, யார் முதலில் பொறுமை இழப்பது என்பதைப் பற்றியது.

இதைத்தான் ஆள் கூடிய டேக் ஆட்டம் செய்கிறது. தனி ஆட்டத்தில் இரண்டு பேர் இருப்பாங்க, இரண்டு பேரும் வேலையில் இருப்பாங்க. ஆறு பேர் ஆட்டத்தில் எப்போதும் நாலு பேர் சாட்சிகளாக நிற்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் நாலு முகம் பதில் சொல்கிறது. யாரைத் தொட்டால் எல்லோரும் பதறுகிறார்கள், யாரை அடித்தால் யாரும் கண்டுகொள்வதில்லை என்று பார்த்தாலே யார் பெரியவர், யார் சின்னவர், யார் மேலே வருகிறார் என்பது தெரிந்துவிடும்.

வேகத்தை விரும்புகிறவர்கள்

இதற்கு நேர் எதிரான ரசனையும் ஜப்பானிலேயே இருக்கு. அதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை.

1996 அக்டோபர் 10, ரியோகோக்கு கொக்குகிகான். மிச்சினோக்கு ப்ரோ என்ற, வடக்கே இவாத்தே பகுதியில் பிறந்த சின்னக் கம்பெனி, டோக்கியோவின் சுமோ அரங்கத்துக்கு வந்து நடத்திய நிகழ்ச்சி. அதில் ஐந்துக்கு ஐந்து, பத்து பேர் ஆட்டம் ஒன்று. ஒரு பக்கம் காயென்டாய் டி.எக்ஸ். குழு: டிக் டோகோ, மென்ஸ் தெயோ, ஷிரியூ, டாக்கா மிச்சினோக்கு, ஷோயிச்சி ஃபுனாக்கி. 90களின் கடைசியில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். பார்த்தவர்களுக்கு டாக்காவும் ஃபுனாக்கியும் நினைவிருக்கும். அங்கே அவர்களைக் கேலிப் பொருளாக்கி வைத்திருந்தார்கள். இந்தப் பத்து பேர் ஆட்டத்தைப் பார்த்தால் அந்தக் கேலி எவ்வளவு பெரிய வீணடிப்பு என்று தெரியும்.

இங்கே விதியே வேறு. மெக்சிகோவின் லூச்சா முறைப்படி, ஒருவர் ரிங்கை விட்டு வெளியே விழுந்தாலே கூட்டாளி உள்ளே வரலாம், கையைத் தட்ட வேண்டியதில்லை. அதனால் விளிம்பில் நின்று ஏங்குவதற்கு நேரமே கிடையாது. ஒருவர் பறந்து வெளியே போவார், அடுத்தவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பார். கரகாட்டக் குழுவில் ஆள் மாறி மாறி வருகிற மாதிரி ஒரு சுழற்சி.

இதே வழியில் வந்தவர்கள்தான் டிராகன் கேட் கம்பெனிக்காரர்கள். 2006 மார்ச் 31 அன்று சிகாகோ புறநகரில் ரிங் ஆஃப் ஹானர் நடத்திய நிகழ்ச்சியில் அவர்கள் ஆறு பேர் ஆட்டம் ஒன்று ஆடினார்கள். சீமா, நாருக்கி தோய், மசாதோ யோஷினோ ஒரு அணி. டிராகன் கிட், கென்கி ஹொரிகுச்சி, ரியோ சைதோ இன்னொரு அணி. டிராகன் கிட் அணி ஜெயித்தது. இதுக்கும் மெல்ட்சர் ஐந்து ஸ்டார். அந்த அமெரிக்கக் கூட்டத்தில் பலருக்கு இந்த ஆறு பேருக்குள் என்ன பகை, யார் மூத்தவர் என்றெல்லாம் தெரிந்திருக்கத் தேவையே இல்லை. கண்ணுக்கு முன்னால் நடப்பதே போதுமானதாக இருந்தது.

இந்த இரண்டு ஆட்டங்களையும் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. பழைய ஆல் ஜப்பான் ரசிகர் ஒருவரிடம் சிகாகோ ஆட்டத்தைப் போட்டுக் காட்டினால், "ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி இருக்கு, யாருக்கும் வலிக்கவே இல்லையே, விழுந்தவன் அடுத்த நொடி எழுந்து ஓடுறான்" என்பார். சிகாகோ ரசிகரிடம் கொராக்குயென் ஆட்டத்தைப் போட்டால், நான் விட்ட அதே கொட்டாவியை விடுவார். ஒருத்தருக்கொருத்தர் ரசனை தெரியாதவன் என்று பட்டம் கொடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு இது வீண் சண்டையாகப் படுகிறது. இரண்டு ஆட்டங்களும் ஒரே கேள்விக்கு இரண்டு பதில். ஆறு பேரை ஒரு மேடையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பவர்களை என்ன செய்வது? ஆல் ஜப்பான், நிற்பவர்களையே கதையாக்கியது. டிராகன் கேட் யாரையுமே நிற்க விடவில்லை. முன்னதைப் பின்னதின் அளவுகோலால் அளந்தால் மந்தமாகத் தெரியும். பின்னதை முன்னதின் அளவுகோலால் அளந்தால் அர்த்தமற்றதாகத் தெரியும்.

வீட்டுப்பாடம் கொடுக்கிற மூன்றாவது கூட்டத்தோடும் எனக்கு ஒரு சின்ன வழக்கு இருக்கு. ஒரு வருஷத்துக் கதை தெரிந்தால்தான் ஓர் ஆட்டம் புரியும் என்றால், தெரியாதவனின் கொட்டாவியைக் குறை சொல்லக் கூடாது. அதுவும் நேர்மையான கருத்துதான். புதியவரிடம் "போய் முப்பது ஆட்டம் பார்த்துட்டு வா" என்று சொல்வதைவிட "விளிம்பில் நிற்பவரைப் பார்" என்று சொல்வது மேல். பெயர்கூடத் தெரிய வேண்டாம். யாரை அடித்தால் மற்றவர்கள் முகம் மாறுகிறது என்று பார்த்தால் போதும், பாதிக் கதை தெரிந்துவிடும்.

ஸ்டார் எண்ணுவதன் விலை

இதெல்லாம் ரசனைச் சண்டை, இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அடுத்து நடந்ததை வரிசையாகப் பார்க்கும்வரை.

1992 இறுதியில் சுருதா கல்லீரல் அழற்சி காரணமாகப் பெரிய ஆட்டங்களில் இருந்து விலகினார். மலை தானாகவே காணாமல் போய்விட்டது. அந்த ஆகஸ்ட் 22லேயே மிசாவா, ஸ்டான் ஹான்சனை வீழ்த்தி ட்ரிப்பிள் க்ரவுன் எடுத்திருந்தார். 1993ல் கவாதா மிசாவாவை விட்டுப் பிரிந்து, இத்தனை நாள் அடித்துக்கொண்ட அதே தாவுவேயோடு கூட்டுச் சேர்ந்தார். மூணுக்கு மூணு உடைந்து, இரண்டுக்கு இரண்டும் ஒன்றுக்கு ஒன்றும் பெரிதானது. அந்த ஆட்டங்களைத்தான் உலகம் இன்றைக்கும் கொண்டாடுகிறது. 1994 ஜூன் 3ல் மிசாவா - கவாதா. 1997 ஜனவரி 20ல் மிசாவா - கோபாஷி. நானும் கொண்டாடுகிறேன், மறைக்கவில்லை.

ஆனால் தனி ஆட்டத்தில் கட் போட ஆள் கிடையாது. ஒரு நகர்வில் எதிராளி தப்பித்தால் அதைவிடப் பெரியதைக் காட்டியாக வேண்டும். போன தடவை செய்ததையே செய்தால் ரசிகன் அசர மாட்டான். கழுத்தும் பின்தலையும் முதலில் தரையில் மோதுகிற மாதிரியான வீச்சுகள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போயின. ஆறு பேர் பகிர்ந்துகொண்ட சுமையை இரண்டு கழுத்துகள் சுமந்தன. நாம் ஸ்டார் போட்டோம். அடுத்த தடவை அதைவிட அதிகம் எதிர்பார்த்தோம்.

2009 ஜூன் 13, ஹிரோஷிமா. மிசாவா, தானே தொடங்கிய நோவா கம்பெனியின் நிகழ்ச்சியில், கோ ஷியோசாகியோடு சேர்ந்து ஒரு டேக் பட்டத்துக்காக ஆடினார். எதிராளி அகிதோஷி சைதோ அவரைப் பின்பக்கமாகத் தூக்கிச் சாய்த்தார். ஆயிரம் தடவை வாங்கிய சாதாரண வீச்சு. மிசாவா எழுந்திருக்கவில்லை. அன்று இரவே மருத்துவமனையில் இறந்தார். வயது 46.

அந்த ஒரு வீச்சால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. சைதோவைக் குறை சொல்வதில் எந்த நியாயமும் இல்லை. அத்தனை வருஷத்து ஆட்டங்களின் கூட்டுத்தொகை அது என்றே அவருடைய ரசிகர்கள் பலரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். அதனால்தான் இப்போதெல்லாம் "சும்மா ஆறு பேர் ஆட்டம்தானே" என்று யாராவது எழுதினால் எனக்குச் சுருக்கென்கிறது. அந்தச் சும்மா ஆட்டம்தான் இவர்களின் உடம்பை மிச்சம் பிடித்துக் கொடுத்த ஆட்டம்.

செய்தித்தாள் விரித்த கூட்டம்

கடைசியாக, ஸ்டார் போடுகிறவர்கள் யாரும் கண்டுகொள்ளாத ஒரு ஆறு பேர் ஆட்டத்தைப் பற்றி.

ஆல் ஜப்பான் நிகழ்ச்சிகளின் நடுவில் வயதானவர்களின் ஆட்டம் ஒன்று தவறாமல் இருக்கும். ஒரு பக்கம் முதலாளி ஜயன்ட் பாபாவும் ரஷர் கிமுராவும். எதிர்ப்பக்கம் ஹாருகா எய்கென், நம்ம ஃபுச்சி முதலானோர். எய்கெனைக் கயிற்றோரம் நிறுத்தி நெஞ்சில் அறைந்தால் எச்சில் முன்வரிசைப் பார்வையாளர்கள் மேல் தெறிக்கும். அது தெரிந்தே முன்வரிசை ஆட்கள் வீட்டிலிருந்து செய்தித்தாள் கொண்டுவந்து, அந்த நேரம் வந்ததும் விரித்துப் பிடிப்பார்கள். மொத்த அரங்கமும் சிரிக்கும். ஆட்டம் முடிந்ததும் கிமுரா மைக்கைப் பிடித்து, ஒரு காலத்தில் எதிரியாக இருந்த பாபாவை "அண்ணே" என்று கூப்பிட்டு ஏதாவது பேசுவார். அதற்காகவே உட்கார்ந்திருப்பார்கள்.

1993ல் நோயிலிருந்து திரும்பிய சுருதா வந்து சேர்ந்தது இந்த ஆட்டத்துக்குத்தான். மலை போல நின்றவர், விளிம்பில் நின்றபடி கைதட்டிக்கொண்டு, அவ்வப்போது உள்ளே வந்து முஷ்டியை உயர்த்துவார். கூட்டம் "ஓ!" என்று கூடவே கத்தும். அவ்வளவுதான். இந்த ஆட்டங்களுக்கு யாரும் ஐந்து ஸ்டார் கொடுத்ததில்லை. ஆனால் ஒரு நோயாளிக்கு அவர் நேசித்த மேடையில் இன்னும் சில வருஷம் இடம் கொடுத்தது இந்த ஆறு பேர் ஆட்டம்தான். 1999ல் ஓய்வு பெற்றார், 2000 மே 13ல் மணிலாவில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையின்போது இறந்தார்.

கால் முறுக்கு வாங்கிய பையன் கோபாஷி என்ன ஆனார் என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். எத்தனையோ அறுவை சிகிச்சை, 2006ல் சிறுநீரகப் புற்றுநோய், எல்லாவற்றையும் தாண்டி 2013 மே 11 அன்று புடோகானில் விடைபெற்றார். வயது 46. கடைசி ஆட்டத்துக்கு அவர் தனியாக வரவில்லை. நாலுக்கு நாலு, எட்டு பேர் ஆட்டம். பக்கத்தில் ஜுன் அகியாமா, கெய்ஜி முத்தோ, கென்சுகே சசாகி. எதிரில் அவரிடம் வளர்ந்த இளையவர்கள். கடைசியில் மேல்கயிற்றில் ஏறி, பின்பக்கமாகச் சுழன்று குதித்து, அவரே ஜெயித்து முடித்தார்.

அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கிடைத்தால் பாருங்க. கோபாஷியை அல்ல. அவர் உள்ளே இருக்கும்போது விளிம்பில் நிற்கிற மூணு பேரைப் பாருங்க.